கொக்கு சொன்ன வெள்ளம்

தையல்நாயகி உப்புக்காகக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி எழுபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. கடையில் உப்பு வாங்கித் தின்ற கடன் இல்லை. அவ்வளவு ரூபாய்க்கு உப்பு வாங்கியிருந்தால் ஊரையே ஊறுகாய் போட்டிருக்கலாம். அவள் வயல் மண்ணில் தங்கிப்போன உப்புக்குக் கம்பெனி போட்ட தண்டம் அது.

தாண்டவன்படுகை கொள்ளிடத்தின் வால்நுனியில் இருக்கிற ஊர். ஒரு காலத்தில் ஆறு பெருகினால் ஊருக்குள் நுழைந்து, அடுப்படி வரைக்கும் வந்து நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். மேற்கே அணைக்கு மேல் அணையாகக் கட்டிய பிறகு வெள்ளம் நின்றது. ஆறு வராத இடத்துக்குக் கடல் வந்தது. அதுவும் நேர்வழியில் வரவில்லை. மண்ணுக்கு அடியில் பூனை மாதிரி வந்தது. போர்வெல் தண்ணீர் கரித்தது, பயிர் நுனி கருகியது, மண் வெள்ளை பூத்தது. அரசாங்கம் கையை விரித்துவிட்டு, படுகையின் நிலத்தடித் தண்ணீரை மொத்தமாக நல்லூற்று என்ற கம்பெனிக்குக் குத்தகை விட்டது.

கம்பெனி வயலுக்கு வயல் வெள்ளை வெளேரென்று ஒரு கம்பை நட்டது. ஒற்றைக்காலில் நின்றதால் ஊரார் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்கள். மோட்டார் எவ்வளவு இறைத்தது, தண்ணீரோடு எவ்வளவு உப்பு ஏறியது, அதில் எவ்வளவு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டது என்று கொக்குக்குக் கிராம் சுத்தமாகத் தெரியும். உட்கார்ந்த உப்புக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தண்டம். தெரிந்துகொண்டு சும்மா இருக்கிற சாதியும் இல்லை அது. செய்தி வாசிக்கிறவள் குரலில் 'மதிப்பிற்குரிய நிலுவையாளரே' என்று ஆரம்பித்து, ரோட்டில் போகிறவனும் நின்று கேட்டுவிட்டுப் போகிற மாதிரி பாக்கியை அறிவிக்கும்.

அதன் பிறகு ஊர் வழக்கமே தலைகீழாகிவிட்டது. மூத்திரத்திலும் உப்பு இருக்கிறது என்று எவனோ சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து ஒருத்தரும் சொந்த வயலில் ஒதுங்குவதில்லை. எவ்வளவு அவசரமானாலும் வரப்பைத் தாண்டி அடுத்தவன் வயலுக்குத்தான் ஓடினார்கள். நடவாட்களிடம் "வேர்வையைத் தொடச்சிட்டு எறங்குங்கடி" என்று சொன்ன பண்ணையாரும் உண்டு. கூடப்பிறந்தவன் வயலில் வடிகாலை உடைத்துவிட்டு உப்புத் தண்ணீரைத் தள்ளியவனும் உண்டு. முன்பெல்லாம் வயலிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போகிறவன் திருடன். இப்போது கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறவன் திருடன்.

தையல்நாயகியின் வயல் பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அது கோயில் நிலம், ஒன்றரை மா. ஊரான் வயலிலெல்லாம் நாற்றுப் பிடுங்கி இடுப்பு ஒடிந்த பிறகு, தன் பேருக்குக் கிடைத்த முதல் குத்தகை. வைகாசிக் கடைசிக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் கொக்கு மோட்டாரைப் பூட்டிவிடும். குறுவைக்கு நாற்றங்கால் விட முடியாது. குத்தகை ரத்தாகி, உப்பு மண்ணில் வளர்கிற உமரிச் செடியைக் கம்பெனி போட்டிருக்கும் தோட்டத்தோடு நிலம் சேர்ந்துவிடும். அப்புறம் அதே வயலில் உமரி அறுக்க அவளையே கூலிக்குக் கூப்பிடுவார்கள். ஊரில் இரண்டு பேரை அப்படிக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருத்தர் போகவும் செய்தார், தன் வயலுக்குத் தானே கும்பிடு போட்டு இறங்கிக்கொண்டு.

உப்பு அளக்கிற இன்பராசு சித்திரை நடுவில் வந்தான். கம்பெனியில் அவனுக்கு உத்தியோகம், பக்கத்து ஊர்ப் பையன், கலியாணமாகி இரண்டு பிள்ளை. கொக்குக்கு உடம்பு சரியில்லை என்றால் வைத்தியம் பார்ப்பதும், கொக்கு சொன்னது புரியாதவர்களுக்கு ஊர்ப் பேச்சில் சொல்லித் திட்டு வாங்குவதும் அவன் வேலை.

"நான் எறைச்ச தண்ணிக்கு நான் கட்டுறேன்டா. அந்தப் பக்கத்து வயல் பக்கிரிசாமி எறைச்சதுக்கு நான் எதுக்குக் கட்டணும்?" என்றாள் தையல்நாயகி.

"அவரு எங்கக்கா உன் வயல்ல எறைச்சாரு?"

"காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க எறைக்கிறான். பஸ்ஸு வராட்டி மூணு தரம்."

இன்பராசு சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அக்கா, அதெல்லாம் கடுகளவு. உன் பாக்கி மோட்டாரால வந்தது. கொழம்புக்கு மேல எண்ணெய் மெதக்குதுல்ல, அது மாதிரி கீழ உப்புத் தண்ணி, மேல ஒரு ஏடு நல்ல தண்ணி. மெதுவா அள்ளுனா எண்ணெய் மட்டும் வரும். அவசரப்பட்டுக் கரண்டிய விட்டா கொழம்பு ஏறி வந்துரும். நீ தையில பயிர் காயுதுன்னு ராவும் பகலுமா ஓட்டுன."

"பயிர் காஞ்சா ஓட்டாம தாலாட்டா பாடுவாங்க? சரி, எண்ணெய் தீந்துட்டா யாரு ஊத்துவா?"

"ஆறுதான் ஊத்தணும். வெள்ளம் வந்து நின்னா மேல இருக்க உப்பையும் கழுவும், கீழ நல்ல தண்ணியும் ஊறும். எங்க வருது?" அவன் வயலைப் பார்த்தான். தை அறுப்புக்குப் பிறகு அவள் கம்பெனி கொடுத்த உமரி விதையைத் தூவியிருந்தாள். கம்பெனிக்காரன் பதப்படுத்திய உமரி அது. உப்பைக் குடித்தே கொழுக்கும், வெட்டினால் நாலு நாளில் தழைக்கும். வயல் முழுக்கத் தண்டு தண்டாகப் பச்சையும் சிவப்புமாகக் கிடந்தது. "இத அறுத்துக் குடுத்தா கம்பெனி எடை போட்டு, உள்ள இருக்க உப்பைக் கழிச்சிக்கும்ல? ஏன் இன்னும் அறுக்கல?"

"போன மாசம் அறுத்தேன். கழிச்சது நாலாயிரம். வண்டி வாடகை, எடைக்கூலி, அவன் குப்பையில கொட்டுறதுக்கு ஒரு கூலின்னு போட்டது நாலாயிரத்து எரநூறு. இன்னும் நாலு தரம் அறுத்தேன்னா நான் கோமணத்தோட நிப்பேன்."

இன்பராசு வாயைத் திறப்பதற்குள் கொக்கு சொன்னது. "மதிப்பிற்குரிய நிலுவையாளர் தையல்நாயகி அவர்களே, தாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வட்டி சேர்ந்துள்ளது."

"இதோட தலையில காக்கா கூடு கட்ட" என்றாள் அவள்.

அந்த வாரக் கடைசியில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கிடைக்காரர் கருமலையான் ஐந்நூறு செம்மறிகளோடு வந்து சேர்ந்தார். அறுப்பு முடிந்த காலத்தில் மந்தையை ஓட்டிவருவதும், பகலில் மேய்ந்த ஆட்டை ராத்திரி ஒருத்தர் வயலில் மடக்கிப் போடுவதும், அது பெய்ததும் புழுக்கை போட்டதும் உரமாகிவிட வயல்காரர் கூலி கொடுப்பதும் படுகையில் வெகுகாலப் பழக்கம். ஆனால் கொக்கு வந்த பிறகு கிடை என்றாலே ஊர் அலறியது. ஒரு பக்கிரிசாமிக்கே இந்தப் பாடு. ஐந்நூறு ஆடு என்றால்?

"கெட வேணாம், சரி. மேச்சலாவது விடுவீகளா தாயி?" என்று கருமலையான் அவளிடம் கேட்டார். "ஊரெல்லாம் தரிசா கெடக்கு. உங்க வயல்லதேன் பச்சை தெரியுது."

தையல்நாயகி யோசித்தாள். அறுத்தால் நஷ்டம், அறுக்காவிட்டால் முற்றிப்போய் உப்பு மண்ணுக்கே திரும்பும். "மேயட்டும் பெரியவரே. ஆனா ஒண்ணு. மேஞ்சதும் ஓட்டிரணும். ஒரு ஆடு ஒரு சொட்டு விட்டாலும் உங்க துண்டால தொடச்சிட்டுத்தான் போகணும்."

"ஏத்தா, ஆடு என்ன ஒங்கிட்டச் சொல்லிட்டா விடும்?"

ஆடுகள் உமரியைக் கண்டதும் கலியாணப் பந்திக்கு வந்த மாதிரி உட்கார்ந்துவிட்டன. உப்பில் ஊறிய தழை. தின்று முடித்ததும் தொண்டை வறண்டு, ஐந்நூறும் ஒரே ஓட்டமாகத் தண்ணீர் தேடி ஓடின. ஊரில் ஆடு குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீர் இருந்த ஒரே இடம் கம்பெனியின் மாதிரிப் பண்ணைத் தொட்டி. வெளியூர்ப் பிரமுகர்களுக்குக் காட்டுவதற்காகக் கம்பெனி பச்சைப் பசேலென்று வைத்திருந்த வயல் அது. அங்கே உப்புப் பாக்கி சுத்தமாகக் கிடையாது என்று வாசலில் பெரிய பலகையே வைத்திருந்தார்கள்.

மேலாளர் கோதண்டபாணி முதலில் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் ஆடுகளைப் பார்த்ததும் கம்பைக் கீழே போட்டார். அவருடைய தாத்தாவுக்கு வலங்கைமான் பக்கம் நாலு வேலி நிலம் இருந்ததாம். அதை அவரைச் சந்தித்த பத்தாவது நிமிஷத்தில் யாரும் தெரிந்துகொள்ளலாம். கிடை போட்ட நிலம் எப்படி விளையும் என்று அவருக்கு ரத்தத்திலேயே தெரியும். வைகாசியில் வரப்போகும் பிரமுகர்களுக்கு 'முழுக்க இயற்கை உரம்' என்று இன்னொரு பலகை வைக்கலாம்.

"என்ன பெரியவரே, ராத்திரிக்கு என்ன கூலி?"

கருமலையான் ஒரு தொகை சொன்னார். கோதண்டபாணி தாத்தா முறையில் பாதிக்குக் கேட்டார். முடிவில் தண்ணீர் இலவசம், கிடையும் இலவசம் என்று பேசி முடித்தார்கள். இருவருக்குமே தான் மற்றவரை ஏமாற்றிவிட்டதாகச் சந்தோஷம்.

பத்துப் பதினைந்து நாள் போனது. பகலெல்லாம் தையல்நாயகி வயலில் மேய்ச்சல், ராவெல்லாம் மாதிரிப் பண்ணையில் கிடை. மேய மேய உமரி தழைத்தது, தழைக்கத் தழைக்க ஆடு மேய்ந்தது. ஒருநாள் காலையில் இன்பராசு சட்டைப் பொத்தான் கூடச் சரியாகப் போடாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, உன் பாக்கி நாப்பதாயிரத்துக்கு எறங்கிருச்சு!"

"கொக்குக்குக் காய்ச்சலா?"

"கொக்கு நல்லாத்தான் இருக்கு. அடுத்தவன் உமரிய அறுத்து என்னுதுன்னு யாரும் எடை போடக் கூடாதுன்னு கம்பெனி ஒரு வேலை செஞ்சிருக்கான். ஒவ்வொரு வயல் விதைக்குள்ளயும் ஒரு அடையாளம். இன்னார் வயல் உமரின்னு அது காட்டிக் குடுத்துரும். அத ஆடு தின்னாலும் அது அழியல. பின்னால வந்ததுலயும் இருக்கு."

"மூத்திரத்துலயா?"

"ஆமா. பண்ணைக் கொக்கு மோந்து பாத்து, இது தையல்நாயகி வயல் உப்பு, இஞ்ச வந்துருச்சுன்னு கண்டுபுடிச்சிருச்சு. உன் கணக்குல கழிச்சு, பண்ணைக் கணக்குல ஏத்திக்கிட்டே இருக்கு. ஆடு மேயக் கூடாதுன்னு விதியில எழுத மறந்துட்டானுவ."

தையல்நாயகி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகுதான் இன்பராசு சிரிக்கவில்லை என்று கவனித்தாள்.

"பண்ணையில உப்பு ஏறுனா யாரு தலை உருளும்னு நெனைக்கிற? அளக்குறவன் நான். மேலாளரு தாத்தா பேரச் சொல்லித் தப்பிச்சிருவாரு."

"நீ போயி அவருகிட்டச் சொல்லேன்."

"ரெண்டு தரம் எழுதிப் போட்டேன். படிக்கல. நேர்ல சொன்னா, அந்தப் பொம்பளை பாக்கிய கொறைக்க நீதான் வழி சொல்லிக் குடுத்தியான்னு கேப்பாரு."

அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. உப்பு எங்கே போகும்? அவள் வயலை விட்டால் இன்னொருத்தர் வயல். அது கம்பெனி வயலாக இருந்த வரைக்கும் இனித்தது. அந்த வயல் கெட்டால் இந்தப் பயலின் இரண்டு பிள்ளைகளின் சோறும் போகும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. பாக்கி இன்னும் பாதி இருந்தது. வைகாசி பிறந்துவிட்டது. சேலை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பண்ணைக்கு நடந்தாள்.

கோதண்டபாணி தொட்டியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, இந்த ஆட்ட இஞ்ச போடாதிய. அது தின்னுறது பூராவும் உமரி. உள்ள உப்புத்தான் இருக்கு. உங்க நெலம் கெட்டுப்போகும்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. "என்னம்மா, கிடை உனக்கு வேணுமா?"

"ஐயோ, வேணாங்க. சத்தியமா சொல்றேன்."

"எங்க தாத்தாகிட்டயும் இப்படித்தான் வருவாங்க. மந்தைக்குச் சீக்குன்னு ஒருத்தன் சொல்லுவான், புழுக்கையில சத்து இல்லேன்னு ஒருத்தன் சொல்லுவான். பயந்து கிடைய விட்டா, மறுநாளே அவன் வயல்ல ஆடு படுத்திருக்கும். மந்தையக் குறை சொல்றவனுக்குத்தான் மந்தை மேல ஆசை. எனக்குத் தெரியாதா?"

"நாசமாப் போக, நெசமாத்தான்யா சொல்றேன்!"

"பாத்தியா, கோவம் வேற வருது. அப்ப நல்ல ஆடுதான்." அவர் கருமலையானைப் பார்த்துக் கத்தினார். "பெரியவரே, இன்னும் பத்து நாளைக்கு இங்கேயே போடும்!"

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. திரும்பி நடக்கும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது, இன்பராசுவை நினைத்தபோது மட்டும் கனத்தது. வீட்டுக்குப் போய், அவன் பெண்டாட்டிக்கு ஒரு மரக்கால் அரிசி அனுப்பினாள். அரிசியால் ஆகிற காரியமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

பிரமுகர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பண்ணைத் தொட்டி மோட்டார் திடீரென்று நின்றது. கோதண்டபாணி ஆள் விட்டு இன்பராசுவையும் தையல்நாயகியையும் இழுத்துவரச் சொன்னார். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் வெயிலில் நின்று கொக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"மதிப்பிற்குரிய நிலுவையாளர் மாதிரிப் பண்ணை அவர்களே, தங்கள் உப்பு நிலுவை வரம்பைக் கடந்ததால் மோட்டார் பூட்டப்பட்டுள்ளது."

"நான் மேலாளர். என் குரல் தெரியலையா உனக்கு?"

"தெரிகிறது. ஏழை பணக்காரர் பேதமின்றி ஒரே விதி. இவ்வாசகம் தங்கள் வாசல் பலகையில் உள்ளது."

"கிழவனார் ஓட்டிட்டு வந்த ஆடு பெஞ்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"சரியாப் போச்சு" என்றாள் தையல்நாயகி. "பக்கிரிசாமி பெஞ்சதுக்கு நான் பொறுப்புன்னா, இது மட்டும் என்னவாம்?"

கோதண்டபாணி அவளை முறைத்தார். கருமலையான் கிடை போட்டிருந்த பக்கம் பார்த்தார். அவர் அன்று விடியலிலேயே மந்தையைக் கிளப்பிக்கொண்டு தெற்கே போய்விட்டிருந்தார். கடைசியில் மேலாளரின் கண் இன்பராசு மேல் வந்து நின்றது.

"நீதான்டா அளக்குறவன். நீதான் இதுக்கு..."

"ரெண்டு தரம் எழுதியிருக்கேன் சார்" என்றான் இன்பராசு.

"அவரது இரு கடிதங்களும் திறக்கப்படாமல் உள்ளன" என்றது கொக்கு. "தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவா?"

"வேண்டாம்!" கோதண்டபாணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மோட்டார் இரண்டு நாள் நின்றால் பண்ணை கருகும். பணம் கட்ட வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும், கேட்டால் பலகையைப் பிடுங்குவார்கள், கூடவே அவரையும். "பாக்கி தீர வேற என்ன வழி?"

"வழிகள் மூன்று. பணம் செலுத்துதல். உமரி வளர்த்து அறுத்தல். ஆற்று வெள்ளம். வெள்ளம் கழுவிய நிலத்தில் நிலுவை ரத்தாகும்."

"வெள்ளம் வந்துச்சுன்னு யார் சொல்லணும்?"

"தாங்கள்."

கொள்ளிடத்து மணல் தூரத்தில் கானலாக நெளிந்தது.

"இந்த ஒரு வயலுக்கு மட்டும் வெள்ளம்னு போட முடியுமா?"

"ஆறு அவ்வாறு பாய்வதில்லை. படுகை முழுவதும் பாயும்."

கோதண்டபாணி தையல்நாயகியைப் பார்க்காமல், இன்பராசுவைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் கூட இல்லை. "போட்டுத் தொலை" என்றார்.

அவர்கள் பாதி வழி வருவதற்குள் ஊரிலிருந்த கொக்குகளெல்லாம் ஒரே குரலில் அலறின. "கொள்ளிடத்தில் கடும் வெள்ளம். அனைவரும் உடனே மேடான இடத்துக்குச் செல்லவும்." பக்கிரிசாமி ஆற்று மணலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், செருப்பில்லாமல் துள்ளித் துள்ளி ஓடிவந்தார். "கால் வெக்க முடியாம சுடுது, எந்தப் பக்கமா வருதாம் வெள்ளம்?"

மத்தியானம் மீட்புப் படகை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. கூடவே சாப்பாட்டுப் பொட்டலம். வந்த அதிகாரி ஆற்றைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், கையிலிருந்த உத்தரவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நனைஞ்சவங்களுக்கு மட்டும்தான் பொட்டலம். அப்படித்தான் போட்டிருக்கு."

தையல்நாயகி குடத்தை எடுத்தாள். வரிசையாக உட்கார வைத்துத் தலையில் ஊற்றினாள். பக்கிரிசாமிக்கு மட்டும் இரண்டு குடம். புளிசாதம் நன்றாகவே இருந்தது.

சாயங்காலம் அவள் வயலில் கொக்கின் பேச்சு மாறியிருந்தது. "மதிப்பிற்குரிய விவசாயி தையல்நாயகி அவர்களே, மீதமிருந்த பதினோராயிரத்து எண்ணூற்று ஆறு ரூபாய் ஐம்பது காசும் தள்ளுபடி செய்யப்பட்டது. தங்கள் நிலுவை பூஜ்யம்."

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது காசைக் கூட விட்டுட்டானுவளே என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் நின்ற இன்பராசுவுக்கும் வேலை தப்பியிருந்தது. எழுதிய இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போடச் சொன்னதோடு மேலாளர் விட்டுவிட்டார்.

கொக்கு இன்னும் முடிக்கவில்லை. "வெள்ளத்தால் நன்னீர் நிரம்ப ஊறியுள்ளது. இனி விரும்பிய அளவு இறைத்துக்கொள்ளலாம்."

இன்பராசுவின் முகம் வெளுத்தது. "ஐயய்யோ. அது நெசமாவே வெள்ளம் வந்துச்சுன்னு நம்பிருச்சுக்கா. எண்ணெய் ஒரு ஏடுதான் இருக்கு. எல்லாரும் கரண்டிய விட்டா..."

அவன் சொல்லி முடிக்கும் முன்னே படுகையில் ஒவ்வொன்றாக மோட்டார்கள் கிளம்பின. வருஷக்கணக்காக அளந்து அளந்து குடித்தவர்கள். வாயைத் திறந்துவிட்டால் சும்மா இருப்பார்களா? தையல்நாயகியும் தன் மோட்டாரைப் போட்டாள். நாற்றங்காலுக்கு வேண்டிய மட்டும் பாயவிட்டு, குழாயில் கைவைத்து ஒரு வாய் ருசி பார்த்தாள். நல்ல தண்ணீர். இரண்டாவது வாயில் நாக்கு நுனியில் லேசாக ஒரு கரிப்பு. உடனே நிறுத்தினாள்.

அப்போது பக்கிரிசாமி வரப்பேறி வந்து, வழக்கமான மூலையில் வேட்டியைத் தூக்கினார்.

"யோவ்! அதான் கடனே இல்லையே, இன்னும் என்ன எழவுக்கு என் வயல்ல நிக்கிற?"

அவர் திகைத்துப் போனார். "பழக்கதோஷம்டி தையலு. கால் தானா வந்துருச்சு."

"உன் வயலுக்குப் போ. போற வழியில மோட்டார நிறுத்திட்டுப் போ."

"கொக்கே எறைக்கச் சொல்லுதே."

"வெள்ளம் வந்துச்சுன்னும்தான் அது சொல்லுது. நீ நனைஞ்சியா?"

பக்கிரிசாமி யோசித்தார். "நனைஞ்சேனே."

"ஊத்துனது யாரு?"

"நீ."

"அப்ப போயி நிறுத்து. மத்தவனுவளையும் நிறுத்தச் சொல்லு. கேக்கலேன்னா கொடத்தோட நான் வரேன்னு சொல்லு."

அவர் வேட்டியை இறக்கிவிட்டு, அவசரத்தையும் அடக்கிக்கொண்டு, தன் வயல் பக்கம் வேகமாக நடந்தார். இன்பராசு சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். தையல்நாயகி வரப்பிலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். படுகை முழுக்க மோட்டார் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒன்று அடங்கியது. அடுத்தது அடங்குமா என்று பார்த்தாள்.

"தையல்நாயகி அவர்களே, தங்கள் நிலுவை பூஜ்யம்" என்றது கொக்கு மறுபடியும்.

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு நில்லு" என்றாள் அவள். "கேட்டுக்கிட்டு இருக்கேன்ல."